ஸாலிஹ் நானா சொன்ன சொல்

எங்கள் ஒழுங்கைச் சந்துக்கு முதன்முதல் வருகிறவர்கள் எல்லாரும் சொல்லிவைத்தது போல ஒன்றுதான் சொல்வார்கள்: "என்ன அமைதி, என்ன நிழல்! வெள்ளவத்தையில இப்பிடியும் ஒரு இடமோ?" காலி வீதி என்ற பெருந்தெருவின் இரைச்சலை விட்டு நூறு யார் தூரம் உள்ளே வந்தால் மாவும் பலாவும் வாகையும் மேலே கூடி நிற்கும். மறுமுனையில் ரயில் பாதை, அதற்கப்பால் கடல். நிழலை அனுபவிப்பது அவர்கள், இலை கூட்டுவது நான். முன்வீட்டுத் துணிக்கடைக்கார ஸாலிஹ் நானாவின் மாமரத்துக்கு வேர் அவர் வளவில், இலை என் வாசலில். முப்பது வருடமாகக் கூட்டுகிறேன், முப்பது வருடமாகத் திட்டுகிறேன்.

"சனமும் அப்பிடித்தான்" என்று ரொறன்ரோவில் இருக்கும் மகள் மயூரியிடம் போனில் சொல்வேன். "கேற்றைப் பூட்டினாப் பூட்டினதுதான். செத்துக் கிடந்தாலும் ஒரு நாய் எட்டிப் பாக்காது."

அது வாய்க்கு வந்த பேச்சில்லை. 2021 ஊரடங்கு நேரம் என் மனைவி நாகேஸ்வரி மாரடைப்பில் போனாள். வீட்டுக்குக் கொண்டுவர விடவில்லை. நேரே கல்கிசை மயானம். நானும் இரண்டு சிப்பந்திகளும்தான். திரும்பி வந்தபோது ஒழுங்கையில் ஒரு கேற்றும் திறக்கவில்லை. சட்டம் அப்படி என்று எனக்கும் தெரியும். தெரிந்து என்ன, மனம் கேட்கவேண்டுமே!

கடைசியில் வீட்டை விற்றுவிட்டு மகளிடம் போவதென்று முடிவாயிற்று. திங்கட்கிழமை கையெழுத்து. அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை காலை நான் வாசலில் மயங்கி விழுந்தேன்.

பிழை என்னுடையதுதான். விரதம் என்று சாப்பாட்டை விட்டவன் சீனி வருத்தத்துக் குளிசையை விடவில்லை. விளக்குமாற்றோடு நின்றவன் அப்படியே சாய்ந்தேனாம். ஸாலிஹ் நானா என்னைத் தூக்கித் தன் வான் வண்டியில் போட்டுக்கொண்டு களுபோவில ஆஸ்பத்திரிக்கு ஓடினார். குளுக்கோஸ் ஏற்றினார்கள். மத்தியானம் எழும்பி உட்கார்ந்து, தேத்தண்ணிக்குச் சீனி காணாது என்று தாதியோடு சண்டை பிடித்தேன்.

"ஐயாக்கு இப்ப சொகம்" என்று சிரித்தார் ஸாலிஹ் நானா. "காலையில எங்கட உசிரே பெய்த்து." பாவம் மனிதர், ஜும்ஆத் தொழுகையையும் விட்டுவிட்டு என் கட்டிலடியில் நின்றிருக்கிறார்.

மூன்று மணிக்கு ஆஸ்பத்திரித் துண்டை வெட்டி வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். வான் எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பியது. பார்த்தால் இரண்டு பக்கமும் வெள்ளைக் கொடி! செத்தவீடு.

"ஆர் நானா செத்தது?"

"தெரியா ஐயா. காலையில எல்லாரும் நல்லாத்தானே ஈந்தாங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பாத்தியளோ! பக்கத்தில ஒரு சாவு. எனக்கு ஒரு ஆள் சொல்லேல்லை. இதுதான் இந்த ஒழுங்கை!"

பக்கத்து வீட்டு டோரினாக இருக்குமோ என்று பயந்தேன். ஒரு கிழமையாக இருமிக்கொண்டிருந்தாள். ஆனால் டோரின் கையில் செபமாலையோடு, என் வீட்டு வாசலிலேயே பிளாஸ்ரிக் கதிரை அடுக்கிக்கொண்டு நின்றாள். வாசலில் ஒரு இலை இல்லை, அவ்வளவு சுத்தமாகக் கூட்டியிருந்தது. மூலைவீட்டு அபிஷன் ஏணியில் ஏறி மாங்கிளையில் கடைசிக் கொடியைக் கட்டிக்கொண்டிருந்தான். வங்கியில் வேலை, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், எங்கள் யாழ்ப்பாணத்து ஆள். நான் வானால் இறங்கினேன். கொடியும் நூலும் கீழே விழுந்தன. அவன் விழாமல் தப்பியது அருந்தப்பு.

"அங்கிள்... நீங்கள் மோசம் போயிட்டியள் எண்டு..."

"ஆரடாப்பா சொன்னது?"

"ஸாலிஹ் அங்கிள்தான்! காலமை போன் எடுத்தவர்."

"அல்லாஹ்வே! ஐயாக்கு மோசமாப் பெய்த்து எண்டுதானே நான் சென்னேன்!"

விஷயம் அப்போதுதான் விளங்கியது. ஸாலிஹ் நானாவின் வாயில் மோசமாப் பெய்த்து, மோசமாகப் போயிற்று, என்றால் நிலைமை சரியில்லை, அவ்வளவுதான். சாவுக்கு அவர்கள் மௌத் என்பார்கள். யாழ்ப்பாணத்தான் காதில் மோசம் போனால் ஆள் போனதுதான். அபிஷன் திருப்பி எடுக்க, நானாவின் போனில் சார்ஜ் இல்லை. ஆஸ்பத்திரிக்கும் ஓடியிருக்கிறான். வார்ட்டில் தேடாமல் நேரே பிரேத அறையில் போய் என் பெயரைக் கேட்டிருக்கிறான், கெட்டிக்காரன்! அங்கிருந்தவர் "தவம ஆவே நே", இன்னும் வரவில்லை, என்றாராம். அப்படியானால் வரப்போகிறார் என்று திரும்பி வந்துவிட்டான்.

"மயூரிக்குச் சொல்லிட்டியளோ?" என்று பதறிக் கேட்டேன்.

"நான் விட்டாத்தானே" என்றாள் டோரின். "கண்ணால காணாம அந்தப் பிள்ளைக்கு ஒருத்தரும் போன் எடுக்கப்படாது எண்டு சொல்லிட்டன். நல்ல ஆள் நீங்க! நாங்க அழுது களைச்சதுதான் மிச்சம்." அந்த ஒரு புத்திக்காகவே அவளைக் கும்பிடலாம்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் வயிறு நோகச் சிரித்தேன். சிரிப்போடு சிரிப்பாகக் கேட்டேன்: "அதுசரி, இவ்வளவு கெதியா இத்தனை கொடி எங்கால வந்தது?"

ஸாலிஹ் நானாவின் மனைவி றலியா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு முன்னுக்கு வந்தாள்.

"அது நாகேஸ் அக்காக்குத் தெச்சது ஐயா. அண்டைக்கு இவர் கடைத் துணியக் கொணந்து தந்தார். டோரின் நூல் கோத்தா. கட்டப் போனா பொலிஸ் விடல்ல. வீட்டுக்குள்ள போங்கண்டு ஏசினாங்க. வீச மனசு வரல்ல, பெட்டியில வெச்சேன். நீங்க தனிய வந்து எறங்கினதக் கண்டோம். ஒரு கொடி கட்ட ஏலாதவங்க எந்த மொகத்தோட கேற்றத் தொறக்கிற?"

என் சாவுக்குப் போட்ட கதிரையிலேயே இருந்துவிட்டேன். நாலு வருடம் இந்தச் சனத்தைத் திட்டியிருக்கிறேன், நாய்க்கும் கீழாக. நாலு வருடமும் என்னவளுக்கான கொடி எதிர்வீட்டுப் பெட்டிக்குள் மடித்து இருந்திருக்கிறது. "பெரிய உபகாரம் றலியா" என்றேன். "உங்கள் எல்லாருக்கும்தான்." வெட்கமில்லாமல் அழுதேன்.

அபிஷன் கழற்றுவதற்கு ஏணியில் ஏறினான்.

"விடு தம்பி. இருக்கட்டும்."

"அங்கிள், ஆள் உயிரோட இருக்கேக்க..."

"அது எனக்கில்லையடா. அவவின்ரை."

பிறகு ஒருவரும் எழும்பவில்லை. றலியா பிளேன் ரீ ஊற்றிக் கொடுத்தாள். நாகேஸ்வரியின் சிங்களத்தைப் பற்றி டோரின் கதை சொன்னாள். மீன்காரனிடம் மீனுக்கு மாலு என்று கேட்கத் தெரியாமல் மல் இருக்கிறதா என்று கேட்பாளாம். ஒரு நாள் அவன் உண்மையாகவே ஒரு பிடி பூவைக் கொண்டுவந்து நீட்டினானாம். எனக்கே தெரியாத கதை. பொழுது படுமட்டும் அவளைப் பற்றியே கதைத்தோம்.

எல்லாரும் போனபின் மயூரி எடுத்தாள். "அப்பா, திங்கட்கிழமை எத்தனை மணிக்குக் கையெழுத்து?"

"நான் வைக்கப்போறேல்லைப் பிள்ளை."

"ஏன்? அங்க உங்களுக்கு ஆர் இருக்கினம்? செத்தாலும் ஒருத்தரும் எட்டிப் பாக்கமாட்டினம் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

கேற்றுக்கு வெளியே இன்னும் கொடிகள் ஆடிக்கொண்டிருந்தன.

"சொன்னனான்தான்" என்றேன். "ஆனா பிள்ளை, அம்மான்ரை செத்தவீடு இண்டைக்குத்தான் நடந்தது. எல்லாரும் வந்தவை."