ஐந்நூற்றைம்பது அடி

"மேடம், மோட்டார் வந்துருச்சு. உள்ள இறக்கியும் பாத்துட்டோம். தண்ணி மேல ஏற மாட்டேங்குது."

போனில் பேசியவள் வெற்றிச்செல்வி. அரியலூர் மாவட்டம் வரதராஜன்பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் அரசு மாணவியர் விடுதியின் வார்டன். கேட்டுக்கொண்டிருந்தவள் அம்பிகா. பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்ட விடுதிகளுக்கும் சேர்த்துப் பொருள் வாங்கித் தரும் பொதுக் கொள்முதல் பிரிவில் கண்காணிப்பாளர்.

"ஏன் ஏறல?"

"இது முந்நூறு அடி போர்வெல்லுக்கான மோட்டாராம். எங்க போரு ஐந்நூத்தம்பது அடி. நான் மோட்டார் கேட்டு இண்டென்ட் போடும்போதே குறிப்புல எழுதியிருந்தேன் மேடம்."

"பாக்கறேன்ம்மா" என்று அம்பிகா போனை வைத்தாள். பார்க்க ஒன்றுமில்லை. எல்லாம் அவளுக்கு நினைவிருந்தது.

செப்டம்பர் மாதம் பதினான்கு விடுதிகள் மோட்டார் கேட்டிருந்தன. கணினிப் படிவத்தில் ஆழத்துக்கு முந்நூறு அடி என்று ஒரே ஒரு அளவுதான் கொடுத்திருந்தார்கள். பதின்மூன்று விடுதிகளுக்கு அது பொருந்தியது. பதினான்காவது மட்டும் கீழே 'குறிப்பு' என்ற கட்டத்தில் ஆழம் அதிகம் என்று எழுதியிருந்தது. அம்பிகா அதைப் படித்தாள். தனியாகப் பிரித்தால் தனி டெண்டர், இன்னும் மூன்று மாதம். வார்டன் அளவைத் தப்பாக எழுதியிருக்கலாம் என்றும் தோன்றியது. ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். மணி ஐந்தரை ஆகிவிட்டது, அரியலூர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். பதினான்கையும் ஒன்றாகச் சேர்த்து அனுப்பிவிட்டுக் கிளம்பினாள்.

இந்தப் பிரிவு வேண்டும் என்று கேட்டவர்களில் அவளும் ஒருத்தி. முன்பு அரியலூரில் ஸ்டோர் பார்த்தபோது, ஒரே இருநூறு போர்வைகளுக்கு மூன்று விடுதிகளின் பெயரில் பில் போட்டிருந்த கடைக்காரனை அவள்தான் கண்டுபிடித்தாள். மேலே எழுதினாள். பதிலுக்கு இரண்டு இடமாறுதல் வந்தது. அதனால் இனி எல்லாம் ஒரே இடத்தில், கணினி வழியாகத்தான் வாங்க வேண்டும் என்று உத்தரவு வந்தபோது, தானாகவே கேட்டு இந்தப் பிரிவுக்கு வந்தாள். பொய் பில் நின்றது. அதை யாரிடமும் தலைநிமிர்ந்து சொல்வாள். ஆனால் அந்தக் கடைக்காரன் காலத்தில் மோட்டார் எரிந்தால் மறுநாள் வேறு மோட்டார் வந்துவிடும். இப்போது ஐந்து மாதம் ஆகிறது.

போன் வந்த அன்று மாலையே லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, மறுநாள் காலை ஜெயங்கொண்டம் போய், அங்கிருந்து டவுன் பஸ் ஏறி விடுதிக்குப் போனாள். பள்ளிக்குப் போகும் நேரம். பிள்ளைகள் ரோட்டைத் தாண்டி, ஒரு முந்திரித் தோப்பின் பம்புசெட்டிலிருந்து குடத்தில் தண்ணீர் எடுத்து வந்துகொண்டிருந்தார்கள். தோப்புக்காரர் காலையில் ஒரு மணி நேரம் மட்டும் போட்டு விடுவாராம்.

வாசல்படியில் ஒரு பெண் உட்கார்ந்து மற்றவர்களின் குடங்களை எண்ணிக்கொண்டிருந்தாள். வலது கையில் மாவுக்கட்டு.

"இவ அபிநயா. பத்தாவது" என்றாள் வெற்றிச்செல்வி. "போன வாரம் குடத்தோட வழுக்கி விழுந்துட்டா."

"பரிட்சைக்கு என்ன பண்ணுவ?" என்று அம்பிகா கேட்டாள்.

"நான் சொல்லச் சொல்ல வேற ஒருத்தவங்க எழுதுவாங்களாம் மேடம். கணக்குல படம் வரையறத எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல."

குறை சொல்லும் குரலே இல்லை. உண்மையிலேயே யோசித்துக்கொண்டிருந்தாள். அம்பிகாவால் அங்கே நிற்க முடியவில்லை. வார்டன் அறைக்குள் போய் உட்கார்ந்தாள்.

"செல்வி, உங்க குறிப்ப நான் படிச்சேன். படிச்சிட்டுத்தான் சேத்து அனுப்புனேன்."

வெற்றிச்செல்வி மேஜைமேல் திறந்திருந்த நோட்டை மூடினாள். பிறகு, "நான் ஒழுங்கா எழுதலையோன்னு ரெண்டு நாளா என்னையே திட்டிக்கிட்டு இருந்தேன் மேடம்" என்றாள்.

பாடாலூர் பக்கத்தில் ஒரு விடுதி, பிள்ளைகள் குறைந்துபோனதால் இரண்டு வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. அதன் மோட்டாரைக் கழற்றி ஸ்டோர் ரூமில் வைத்திருக்கிறார்கள். அதுவும் ஆழமான போருக்கு வாங்கியதுதான். அம்பிகா அங்கிருந்தே உதவி இயக்குநர் அறிவரசனுக்குப் போன் செய்தாள். அவளைவிட இருபது வயது சின்னவர், கெட்டிக்காரர்.

"அது பெரம்பலூர் கணக்குல இருக்கற பொருள் மேடம். இன்னொரு மாவட்டத்துக்கு மாத்தறதுக்கு சாஃப்ட்வேர்ல வழியே இல்ல. நானும் சென்னைக்கு எழுதிட்டுத்தான் இருக்கேன்."

"ரெண்டு மாவட்டத்துக்கும் பொதுன்னுதானே சார் நம்மள உக்கார வச்சிருக்காங்க?"

"வாங்கறதுக்குத்தான் பொது மேடம். வாங்கினதுக்கு அப்பறம் அவங்கவங்களுது."

அம்பிகா ஒரு வெள்ளைத்தாளில் இன்ன பொருளை இன்ன இடத்துக்கு என் பொறுப்பில் எடுத்துச் செல்கிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மறுநாள் பாடாலூர் போய்ச் சாவி வைத்திருந்த வாட்ச்மேனிடம் கொடுத்தாள். அவர் அந்தத் தாளை இரண்டு முறை படித்துவிட்டு, "இதுக்கு சீல் இல்லையேம்மா" என்றார். "இல்லீங்க. என் பேரு மட்டுந்தான் இருக்கு" என்றாள். அவர் கதவைத் திறந்துவிட்டார்.

லோடு ஆட்டோவில் மோட்டார் போனது. பொருந்தாத மோட்டாரை மேலே எடுத்து இதை இறக்க ஒரு நாள் முழுக்க ஆயிற்று. குழாயில் முதலில் காற்று வந்தது, பிறகு கலங்கல், பிறகு தண்ணீர். பிள்ளைகள் வழக்கம்போலக் குடத்தோடு வரிசையில் நின்றார்கள்.

மூன்றாவது வாரம் அம்பிகாவுக்கு மெமோ வந்தது. அனுமதியில்லாமல் அரசுப் பொருளை இடம் மாற்றியது ஏன், தவறான மோட்டார் வாங்கப்பட்டது எப்படி என்று இரண்டு கேள்வி. அறிவரசன் அவளை அறைக்குள் கூப்பிட்டார்.

"வார்டன் படிவத்துல ஆழத்தச் சரியாக் குறிப்பிடலன்னு எழுதிடுங்க மேடம். அந்தக் கட்டத்துல முந்நூறுன்னுதான் இருக்கு. யாரும் மறுக்க முடியாது. உங்களுக்கு ரிட்டயர்மென்ட்டுக்கு இன்னும் பதினோரு மாசந்தான்."

"அதுல வேற எதையும் எழுத முடியாது சார்."

"எனக்குத் தெரியும். விசாரிக்கறவங்களுக்குத் தெரியாது."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவளைக் காப்பாற்றத்தான் பார்த்தார். அதனால் அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. தன் மேஜைக்குத் திரும்பிப் பதில் எழுதினாள். குறிப்பைப் படித்தேன். விசாரிக்கவில்லை. சேர்த்து அனுப்பினேன். தவறு என்னுடையது. படிவத்தில் ஆழத்தை எண்ணால் எழுத இடம் வேண்டும். பொருளை ஒரு விடுதியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றவும் வழி வேண்டும். ஒரு பக்கம்கூட வரவில்லை.

ஏப்ரலில் உத்தரவு வந்தது. ஊதிய உயர்வு ஆறு மாதம் நிறுத்தம். படிவத்தில் ஆழத்தை எண்ணால் எழுதக் கட்டம் சேர்த்துவிட்டார்கள். பொருள் இடமாற்றம் பற்றிக் குழு ஒன்று ஆராயும் என்று இருந்தது. உத்தரவை வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அவள் அடுத்த கட்டு இண்டென்டுகளை எடுத்தாள். மின்விசிறி கேட்டு நூற்றுப் பத்து வந்திருந்தது. அதில் பத்தொன்பதில் குறிப்பு இருந்தது. பத்தொன்பது விடுதிக்கும் போன் செய்தாள். முடிக்க மூன்று நாள் ஆனது. "எதுக்கு மேடம் இவ்வளவு பாடு?" என்று பக்கத்து மேஜைக்காரர் கேட்டதற்கு அவள் சிரித்து வைத்தாள்.

மே மாதம் ரிசல்ட் வந்த அன்று வெற்றிச்செல்வி கூப்பிட்டாள்.

"அபிநயா பாஸ் மேடம். மத்ததெல்லாம் நல்ல மார்க்கு. கணக்குல மட்டும் நாப்பத்தி மூணு. ஃபர்ஸ்ட் குரூப் கிடைக்காதுன்னு சொல்லிட்டாங்க. காமர்ஸ் சேந்துக்கறேங்கறா."

"அழுதாளா?"

"இல்ல மேடம். கை சரியாயிடுச்சுன்னு உங்ககிட்ட சொல்லச் சொன்னா."

"சரிம்மா" என்றாள் அம்பிகா. அவள் போனை வைக்கவில்லை. வெற்றிச்செல்வியும் வைக்கவில்லை. விடுமுறைக்குக் காலியாகிவிட்ட விடுதியில் யாரோ பெருக்கும் சத்தம் மட்டும் கேட்டது.