யாராவது ஒருத்தி

கல்லூரிக் கட்டிட வாசலில் ஆளுயரப் படம் ஒன்று மாட்டியிருக்கும். பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, கையில் ஸ்பானரோடு, பல் தெரியச் சிரிக்கிற ஒரு பெண். இரண்டு வருஷமாக அந்தப் பெண் உருண்டைதான். அன்று திங்கட்கிழமை காலையில் வந்து பார்த்தால் அந்த இடத்தில் கொக்கு சிரித்துக்கொண்டிருந்தாள். அதே கண்ணாடி, அதே ஸ்பானர். வயிறு எரிந்தது என்று சொன்னால் குறைச்சல். காதில் புகை வராததுதான் பாக்கி.

உருண்டை என்பது வீட்டில் வைத்த பெயர். ஆள் குட்டை, கன்னம் இரண்டும் உப்பலாக இருக்கும், அம்மா செல்லமாகக் கூப்பிட்டது அப்படியே ஒட்டிக்கொண்டது. கொக்கு என்பது உருண்டை வைத்த பெயர், அதுவும் மனசுக்குள் மட்டும். அவ்வளவு நெட்டை அவள். வாசற்படியில் தலை குனிந்துதான் வருவாள். கழுத்து ஒரு முழம். இரண்டு பேரும் பக்கத்தில் நின்றால் கம்பமும் அதன் அடியில் வைத்த குடமும் மாதிரி இருக்கும்.

இருவரும் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கத்துச் சனம். அந்தப் பக்கத்து ஆட்கள் சரக்குக் கிடங்கில் இருப்பார்கள், பஸ் டெப்போவில் இருப்பார்கள், உருண்டையின் அம்மாவைப் போல ஆஸ்பத்திரி லாண்டரியில் இருப்பார்கள். கொஞ்சம் படித்தால் நர்ஸ். இன்ஜினியர் என்று ஒருவர் இருந்ததாக யாருக்கும் ஞாபகம் இல்லை. அதற்காகத்தான் கல்லூரியில் ‘துணைத் திட்டம்’ என்று ஒன்றைத் தொடங்கினார்கள். மூன்றாவது மாடியில் ஒரு அறை, இரண்டு மேசை, ஒரு வெள்ளைப் பலகை, பொறுப்புக்கு ஒரு மேடம். எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம், கோடை விடுமுறையில் கட்டுமானத் துறைப் பேராசிரியரின் லேபில் திட்டத்துப் பிள்ளைக்கென்று ஒதுக்கிய ஒரே ஒரு இடம். அந்த இடம் கிடைத்தால் அவர் கைப்பட ஒரு சிபாரிசு கிடைக்கும். மேற்படிப்புக்கு அதைவிட நல்ல வழி இல்லை. உருண்டைக்கு இது மூன்றாம் வருஷம். இந்தக் கோடையை விட்டால், அடுத்ததற்குள் படிப்பு முடிந்துவிடும், அவளுக்கு வேறு கோடை இல்லை.

முதல் இரண்டு வருஷமும் கட்டுமானத் துறையில் அந்தப் பக்கத்து ஆள் அவள் ஒருத்திதான். லேபுக்கு ஜோடி சேரும்போது எல்லோரும் சேர்ந்து முடித்த பிறகு மிச்சம் நிற்பவள் அவள்தான். பல்லைக் கடித்துக்கொண்டு தனியாகவே செய்தாள். கஷ்டம்தான். ஆனாலும் அதில் ஒரு கெத்து இருந்தது. யார் வந்தாலும் மேடம் அவளைத்தான் காட்டுவார்: “இதோ, நம்ம பொண்ணு.” உச்சி குளிர்ந்து போகும்.

அப்புறம் கொக்கு வந்தாள். “உனக்கு ஒரு தங்கச்சி வந்தாச்சு, நல்லா பாத்துக்கோ” என்று மேடம் கையைப் பிடித்து ஒப்படைத்தார். உருண்டையும் நல்லபடியாகத்தான் பார்த்துக்கொண்டாள். பாவம், சின்னப் பிள்ளை, அரண்டு போகுமே என்று நினைத்தாள். எங்கே அரண்டது? வந்த மாதத்திலேயே அது எல்லோரோடும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தது. ஒருநாள் கேன்டீனில் கொக்கு தட்டோடு நின்றபோது ஒரு கூட்டமே, “ஏய், இங்க வா” என்று அவளுக்கு நாற்காலி இழுத்துப் போட்டது. உருண்டைக்கு மூன்று வருஷத்தில் யாரும் நாற்காலி இழுத்துப் போட்டதில்லை. அன்றைக்குச் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டாள்.

அன்றிலிருந்து கண் கொக்கைவிட்டு நகர மறுத்தது. என்ன சட்டை, என்ன மதிப்பெண், யாரோடு பேசுகிறாள், எதற்குச் சிரிக்கிறாள், எல்லாம் வேண்டியிருந்தது. சொந்தப் பாடத்தைப் பார்த்தாளோ இல்லையோ, கொக்கைத் தலைகீழாகப் பாடம் செய்து வைத்திருந்தாள்.

வீட்டிலும் நிம்மதி இல்லை. கொக்கு ஒரு தடவை வந்தாள். அம்மாவை “அத்தை” என்று கூப்பிட்டு, உரிமையாகத் தண்ணீர் மொண்டு குடித்து, போகும்போது அம்மாவின் முதுகுவலிக்கு என்ன மருந்து என்று விசாரித்துவிட்டுப் போனாள்.

“எவ்ளோ தன்மையா பேசுது பாரு அந்தப் பொண்ணு” என்றாள் அம்மா.

“அப்போ அவளையே வெச்சுக்கோ.”

“இப்ப என்ன சொல்லிட்டேன்னு மூஞ்சிய தூக்கற?”

தூக்காமல் என்ன செய்வது? பெற்ற அம்மாவும் கட்சி மாறினால் மனுஷி எங்கே போவாள்!

ஆக, அந்தத் திங்கட்கிழமை வாசலில் படத்தைப் பார்த்துவிட்டு, ஏற்கெனவே வெந்துகொண்டிருந்த வயிற்றோடு உருண்டை படியேறினாள். எதிரில் பேராசிரியர் வந்தார். கெட்டவர் இல்லை. எப்போதும் அவசரம், எப்போதும் கையில் ஆறிப்போன காபி. அவளைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

“அந்த உத்தரத்துல நீ பண்ணின வேலை பாத்தேன்மா. பிரமாதம்! வெயில்தான் காரணம்னு எப்படித் தோணுச்சு உனக்கு?”

அவர் சொல்வது கொக்கின் வேலையை என்று உருண்டைக்கு உடனே புரிந்துவிட்டது. லேபில் ஒரு இரும்பு உத்தரம் கிடக்கிறது. பாரம் ஏற்றினால் இரும்பு எவ்வளவு நீளுகிறது என்று காட்ட, நகத்தளவு கேஜ் ஒன்றை அதில் ஒட்டியிருந்தார்கள். பாரமே ஏற்றாதபோதும் மத்தியானத்தில் அளவு தானாக நகர்ந்தது. மிஷின் கோளாறு என்று எல்லோரும் கைகழுவிவிட்டார்கள். கொக்கு மட்டும் ஜன்னலைப் பார்த்தாள். உத்தரத்தில் வெயில் விழும்போதுதான் அளவு நகருகிறது! அதே இரும்பில் ஒரு சின்னத் துண்டை வெட்டி, அதிலும் ஒரு கேஜ் ஒட்டி, பாரம் ஏற்றாமல் பக்கத்திலேயே வெயிலில் வைத்தாள். இரண்டையும் இணைத்தால் வெயிலின் பங்கு கழிந்துபோய் பாரத்தின் பங்கு மட்டும் மிஞ்சும். புத்தகத்தில் இருக்கிற வழிதான். ஆனால் அந்தப் பாடம் கொக்கின் வகுப்புக்கு இன்னும் வரவே இல்லை.

“கோடைக்கு இடம் உனக்குத்தான். வெள்ளிக்கிழமை கூட்டத்துல எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன்” என்றார் பேராசிரியர்.

அவர் ஆள் மாற்றிப் பேசுவது புதிதல்ல. முன்பெல்லாம், “சார், அது நான் இல்ல, அவ” என்று உருண்டை பட்டென்று சொல்லிவிடுவாள். அன்றைக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பிறகு அதுவே விட்டுக்கொடுத்து, “தேங்க்ஸ் சார்” என்றது.

நாள் முழுக்கத் தனக்குத்தானே வக்கீலாக வாதாடினாள். அவளுக்கு அடுத்த வருஷம் இருக்கிறது, எனக்கு இல்லை. அவளுக்கு நாற்காலி இருக்கிறது, படம் இருக்கிறது, என் அம்மா வேறு. ஒன்றே ஒன்றை நான் எடுத்துக்கொண்டால் குடி முழுகிவிடுமா? சாயங்காலம் அம்மாவிடம் சொன்னாள். அம்மா அவளைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு, செருப்பைக்கூட மாட்டாமல் தெருவுக்கு ஓடி, வீடு வீடாகத் தண்டோரா போட்டுவிட்டு வந்தாள். இனிமேல் வாயைத் திறக்க வழியே இல்லை என்று ஆனது. அதில் உருண்டைக்கு ஒரு நிம்மதியும் இருந்தது, வெட்கம் கெட்ட நிம்மதி.

புதன்கிழமை மத்தியானம் லேபுக்குப் போனாள். கொக்கு உத்தரத்தின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பிளேடால் எதையோ சுரண்டிக்கொண்டிருந்தாள். அந்தச் சின்ன இரும்புத் துண்டு. அதில் ஒட்டியிருந்த கேஜின் ஓரம் ஏற்கெனவே பெயர்ந்து நின்றது.

“ஏய்! கைய எடுடி! என்ன பண்ற?”

கொக்கு நிமிர்ந்தாள். கண் சிவந்திருந்தது.

“தப்பா பண்ணிட்டேன் போலக்கா. சார் வந்து பாத்துட்டுப் போனார்னு சொன்னாங்க. ஒரு வார்த்த சொல்லல. என்னைத் தாண்டித்தான் போறார், வர்றார், நிமிர்ந்துகூடப் பாக்கல. எல்லாரும் சிரிக்கறதுக்கு முன்னாடி எடுத்துடலாம்னுதான்.”

நியாயமாக உருண்டைக்குக் குளுகுளுவென்று இருந்திருக்க வேண்டும். ஒரு வருஷமாக இந்த முகம் சுண்டாதா என்றுதானே காத்திருந்தாள்! ஆனால் குனிந்து, பெயர்ந்து நின்ற அந்த ஓரத்தை விரலால் அழுத்தி மறுபடி ஒட்டப் பார்த்தாள். அருமையான வேலை. ஒட்டின நேர்த்தி அப்படி. அதைச் செய்தவளே குப்பை என்று நினைத்துச் சுரண்டுகிறாள்.

“சார் பாத்தார்” என்றாள் உருண்டை. “பிரமாதம்னு சொன்னார்.”

“யார்கிட்ட?”

“என்கிட்ட.”

“உங்ககிட்ட எதுக்கு?”

“நான்தான் நீன்னு நெனச்சுட்டார். கோடைக்கு எடம் உனக்குத்தான்னார். நான் மறுத்துப் பேசல.”

கொக்கு முதலில் சிரித்துவிட்டாள். “நம்ம ரெண்டு பேரையுமா? எப்படிக்கா குழம்புவாரு?” என்றவள் சட்டென்று நிறுத்தினாள். “எப்போ சொன்னார்?”

“திங்கக்கிழம.”

சிரிப்பு அடங்கியது. கொக்கு பிளேடைக் கீழே வைத்தாள். கத்துவாள், திட்டுவாள் என்று உருண்டை காத்து நின்றாள். திட்டினால் தேவலை என்று இருந்தது.

“போன மாசம் என்னைப் பிடிச்சு வெளுத்து வாங்கினார்க்கா” என்றாள் கொக்கு, தரையைப் பார்த்தபடி. “போல்ட் தளர்றத பத்தின ரிப்போர்ட் ஏன் லேட்டுன்னு. அது உங்க ரிப்போர்ட்டுதானே?”

உருண்டைக்குத் தூக்கிவாரிப் போட்டது. “நீ என்ன சொன்ன?”

“சாரி சார்னேன்.”

“ஏண்டி நான் இல்லன்னு சொல்ல வேண்டியதுதானே?”

“சொன்னா உங்களக் கூப்பிட்டு இன்னொரு வாட்டி திட்டுவார். ஒருத்தர் வாங்கினா போதுமேன்னு விட்டுட்டேன்.”

சண்டாளி! இதிலும் அவளே ஜெயித்துவிட்டாளே என்றுதான் உருண்டைக்கு முதலில் தோன்றியது. அடுத்ததாகத் தோன்றியது அவமானம். அதற்கப்புறம் அங்கே நிற்க முடியவில்லை. கொக்கின் மணிக்கட்டைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு பேராசிரியரின் அறைக்குப் போனாள்.

அவர் ஏதோ தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். உருண்டை மூச்சு விடாமல் சொன்னாள்: அந்த வேலை நான் செய்யவில்லை, இவள் செய்தாள், நீங்கள் என்னிடம் சொன்னபோது நான் வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டேன், தப்பு என்னுடையது.

பேராசிரியர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பெரிய மனசோடு சிரித்தார்.

“இதுக்கா இவ்ளோ பதட்டம்? ரெண்டு பேரும் ஒரே திட்டம்தானே. அந்த எடம் உங்க ஆளுங்களுக்குத்தான் ஒதுக்கினது. நீங்களே பேசி முடிவு பண்ணி யாராவது ஒருத்தி வாங்க. எனக்கு யாரா இருந்தாலும் ஓகேம்மா.”

சொல்லிவிட்டு மறுபடி தாளைப் புரட்ட ஆரம்பித்தார். கொக்கு தலையாட்டிவிட்டுக் கதவு பக்கம் திரும்பினாள். உருண்டை நகரவில்லை. யாராவது ஒருத்தியா? எத்தனை நாள் தூக்கம், எத்தனை வேளைச் சோறு! இவளுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம், எதில் இவள் மேலே, எதில் நான் கீழே என்று ஒரு வருஷமாக இஞ்ச் இஞ்சாக அளந்து அளந்து நொந்து போனது எல்லாம் இந்த மனுஷனுக்கு ஒன்றுமே இல்லையா?

“ஓகே இல்ல சார்” என்றாள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

“என்னம்மா?”

“யாரா இருந்தாலும் ஓகே இல்ல சார். இவ எந்தக் கணக்கையும் மொதல்ல படமா போட்டுப் பாப்பா. நான் அப்படி இல்ல, நேரா சூத்திரத்துக்குப் போய் முட்டிப்பேன். இவ கம்பிய ஒட்ட சால்டர் வெச்சா மணி மாதிரி இருக்கும், நான் வெச்சா பாக்க சகிக்காது. ஆனா நாள் கணக்கா ஒரே சோதனைய திரும்பத் திரும்ப நான் செய்வேன், இவளால முடியாது, பாதியில சலிச்சுடுவா. அந்த வெயில் விஷயம் எனக்கு ஜென்மத்துக்கும் தோணியிருக்காது சார். அது இவ மூளை. ஒரு வருஷமா இவளப் பாத்துப் பாத்து வயிறு எரிஞ்சுகிட்டிருக்கேன். இவ யாரு, நான் யாருன்னு எனக்குத் தெரியாதா?”

கொக்கு வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். பேராசிரியரின் கையில் தாள் அப்படியே நின்றது.

“என்னை எடுக்கறதா இருந்தா என் ரிப்போர்ட்டப் படிச்சுட்டு எடுங்க. லேட்டுன்னு திட்டினீங்களே, அதப் படிச்சீங்களா சார்?”

அவர் மேசையோரத்தில் இருந்த குவியலைப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. “இல்லம்மா. படிக்கல” என்றார். பிறகு நாற்காலியைத் திருப்பி, கொக்கை முதன்முறையாக அண்ணாந்து பார்த்தார். “உட்காரும்மா. அந்த ரெண்டாவது கேஜ் எப்படித் தோணுச்சுன்னு சொல்லு.”

கொக்கு உட்கார்ந்து, தாளைக் கேட்டு வாங்கி, படம் போட்டுச் சொல்ல ஆரம்பித்தாள். தடுமாறாமல் சொன்னாள். அவர் குறுக்குக் கேள்வி கேட்டார், அதற்கும் சொன்னாள். முடிவில் அவர், “கோடைக்கு நீ வா” என்றார். உருண்டையிடம், “உன்னோடத இன்னிக்கே படிக்கறேன். ஆனா அந்த எடம் ஒண்ணுதான்” என்றார்.

“தெரியும் சார்.”

வெளியே வந்ததும் உருண்டை மாடிப்படியில் பொத்தென்று உட்கார்ந்தாள். அம்மா இந்நேரம் லாண்டரியில் ஒவ்வொரு மேசையாகப் போய்ச் சொல்லி முடித்திருப்பாள். இனிமேல் ஒவ்வொருவரிடமும் இல்லை என்று சொல்ல வேண்டும். கொக்கு பக்கத்தில் நீளக் காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

“என் மேலயா வயித்தெரிச்சல்? நெசமாவாக்கா?”

“ஆமா.”

“இப்பவுமா?”

“இப்பத்தாண்டி ஜாஸ்தி. பேசாத.”

பேசாமல் இருப்பது கொக்கால் முடிகிற காரியமா?

“நீங்க கம்முனு இருந்திருந்தா அந்த எடம் உங்களுக்கே கெடச்சிருக்கும்க்கா.”

உருண்டை மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவளைப் பார்த்தாள்.

“எனக்கு எங்கடி கெடச்சிருக்கும்? யாராவது ஒருத்திக்குத்தானே கெடச்சிருக்கும்” என்றாள். சொல்லிவிட்டு, யார் பார்த்தால் என்ன என்று படியிலேயே தலையைக் கவிழ்த்து ஓவென்று அழுதாள்.