நாகநாதர் வீட்டில் பேசாத மொழி

1

இந்தக் கதை ஓர் அழைப்பிதழிலிருந்து பிறந்தது. நாகநாதரைப் பற்றிய நூலை எழுதும் முன்பே மெல்பேணில் வெளியீட்டு நாள் குறித்து, ஏழு பேச்சாளர்களின் பெயரையும் அச்சடித்தாகிவிட்டது. எழுதுபவர் அரியரத்தினம். "நான்" என்று எழுதினால் தற்பெருமை என்பார்கள். ஆகவே தன்னை "அவர்" என்கிறார். மரியாதையும் இலவசமாகக் கிடைக்கிறது.

2

"மானுடத்தை ஒரே நாவால் இணைத்த மாமேதை..." (முதல் வரியை வெட்டியாயிற்று. பொன்னாடை வாடை.)

"1912இல் யாழ்ப்பாணத் தபால் கந்தோர் எழுதுவினைஞர் நாகநாதர், எல்லா நாட்டாருக்கும் பொதுவாக உருவாக்கப்பட்ட எஸ்பெராண்டோ மொழிக்குச் சங்கம் தொடங்கினார்.* இருபத்துமூன்று நாடுகளுக்குக் கடிதம் எழுதினார். வீட்டில்..."

(*தலைவர், செயலாளர், உறுப்பினர் எல்லாம் அவரே. சண்டையில்லாத ஒரே தமிழ்ச் சங்கம்.)

வீட்டில் என்ன? அதைக் கேட்க மெல்பேண் புறநகரான கேரம் டவுன்ஸில் இருக்கும் நாகநாதரின் கடைசி மகள் சத்தியபாமாவிடம் போனார். அவருக்கு வயது எண்பத்தாறு.

3

"அப்பாவும் அம்மாவும் ஏழு வருசம் கதைக்கேல்லை, தம்பி. பல்கேரியாக் கடிதத்தாலை அம்மா அடுப்பு மூட்டிப்போட்டா."

"ஒரே வீட்டிலையோ, அன்ரி?"

"ஒரே குசினியிலை. அப்பாவைக் காட்டி, 'கொப்பரைச் சாப்பிட வரச்சொல்லு' எண்டுவா அம்மா. அவர் பக்கத்துக் கதிரையிலை. 'பசியில்லையெண்டு கொம்மாட்டைச் சொல்லு' எண்டுவார். நான்தான் நடுவிலை. தமிழிலையிருந்து தமிழுக்கு."

அரியரத்தினம் சிரித்தார். அன்ரி சிரிக்கவில்லை.

"கடைசியிலை கதைச்சவை எண்டு எழுதுவியளோ?"

"கதைச்சவையோ?"

"தெரியாது. அப்பா செத்த அண்டு அம்மா அவர் கிடந்த அறைக்குள்ளை போய்க் கதவைச் சாத்தினவ. என்னைக் கூப்பிடேல்லை. அறுபத்தொன்பது வருசமா யோசிக்கிறன்."

4

முடிவு அ: கதைத்தார்கள். (ஆதாரம் இல்லை, கைதட்டல் நிச்சயம்.)

முடிவு ஆ: கதைக்கவில்லை. (அன்ரி முன்வரிசையில் இருப்பார்.)

முடிவு இ: நாகநாதர் எஸ்பெராண்டோவில் மன்னிப்புக்... (சீ.)

அப்போது மனைவி சயந்தினி போனோடு வந்தார். "சிறி அண்ணை. மண்டபம் எத்தனை மணிக்குத் திறக்கவேணுமாம்?"

சிறிதரன்! வெளியீட்டு மண்டபத்துக்குப் பொறுப்பானவர்; போன வருட அழைப்பிதழில் அரியரத்தினத்தின் பெயரைக் கடைசியில் போட்டவர். அன்றிலிருந்து பேச்சில்லை.

"நாலு மணியெண்டு சொல்லு."

"நாலு மணியாம், அண்ணை."

"எனக்குக் கேட்டது, தங்கச்சி," என்றது போன்.

சயந்தினி போனைக் கையெழுத்துப் பிரதியின் மேல் வைத்தார். வெளியே போய்க் கதவைச் சாத்தினார்.

5

அரியரத்தினம் மூன்று முடிவுகளையும் வெட்டினார். "கதவைச் சாத்தினார். மகளைக் கூப்பிடவில்லை" என்று மட்டும் எழுதினார். அன்ரி தந்தது அவ்வளவுதான். அதற்கு மேல் எழுத அவருக்குத் துணிவில்லை.

போனில் இன்னும் மூச்சுச் சத்தம்.

நீங்கள் இப்போது சயந்தினியோடு வெளியே நிற்கிறீர்கள். வேண்டுமானால் கதவில் காதை வைத்துப் பாருங்கள். அரியரத்தினம் உங்களைக் கூப்பிட மாட்டார்.