ஆன்மேரியின் கால்

எங்கள் கட்டடத்தில் மாடித் தரை முழுக்கத் தேக்குப் பலகை. மேலே மரியபுஷ்பம் குடும்பம், கீழே நான். மேலே கரண்டி விழுந்தால் எந்தக் கரண்டி என்று சொல்லிவிடுவேன். ஒட்டுக்கேட்கும் பழக்கம் எனக்கு இல்லை. பலகை மெல்லியது, காது நன்றாகக் கேட்கிறது, அவ்வளவுதான்.

மரியபுஷ்பத்தின் மகள் ஆன்மேரி உட்கார்ந்தால் வலது கால் ஆடும். எங்கள் லான்மடா பேட்டையில் இது என் அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது, ஏனென்றால் அவள் காலுக்கு நேர் கீழே என் பல்பு தொங்குகிறது. சோறு தின்னும்போது லேசாக அசையும். பரீட்சை வந்தால் வேகம் பிடிக்கும். ஊர்க்கோடி இன்சீனிலிருந்து ரயில்வே கிளார்க் வீட்டார் பெண் பார்க்க வந்த அன்று, அவர்கள் காப்பி குடித்து எழுந்து போகும்வரை அது ஊஞ்சலாடியது.

"கால ஆட்டாதடி, குடும்பத்துக்கு ஆகாது" என்று மரியபுஷ்பம் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டாள்.

2003இல் அந்தக் கால் இன்யா ஏரிக்குப் போனது. அங்கே படகுப் பந்தயப் பயிற்சி கொடுக்க ஹங்கேரியிலிருந்து இலோனா என்ற அம்மாள் வந்திருந்தாள். ஒருகாலத்தில் கயாக் என்கிற ஒல்லித் துடுப்புப் படகில் சாம்பியன், நாலு தங்கப் பதக்கம் என்றார்கள். ஐம்பது வயது, கதவு அகலத்துக்குத் தோள். பெண்கள் எல்லாரும் அவளைப் பர்மிய வழக்கப்படி சயாமா என்றார்கள், டீச்சர் என்று அர்த்தம்.

அடுத்த வருஷம் வெளிநாட்டில் போட்டி. ஒற்றையாள் படகுக்கு ஒருத்தி, இரட்டையாள் படகுக்கு இரண்டு பேர். மூன்று பேருக்குத்தான் டிக்கெட். ஆன்மேரி ஒற்றையாள் படகில்தான் போவேன் என்று ஆபீஸ் வேலையை விட்டாள். அம்மாவிடம் ஒரு வருஷம் தவணை வாங்கினாள்.

"தேர்வாகலன்னா என்னடி பண்ணுவ?" என்று மாடிப்படியில் மறித்துக் கேட்டேன். அக்கறைதான்.

"அந்த ரயில்வேக்காரரக் கட்டிக்கிட்டு இன்சீன்ல போய் உக்காரணும், ஆன்ட்டி. அம்மாவுக்கு வாக்குக் குடுத்துட்டேன்." கைப்பிடியைத் தட்டிக்கொண்டே நின்றாள். "அந்த உக்கார்றதுதான் என்னால முடியாது."

பிறந்ததிலிருந்து அவள் பார்த்த ஒரே வெளியூர் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் த்வாண்டே. அதுவும் பானை வாங்க.

ஆனால் படகு ஒத்துழைக்கவில்லை. ஐந்நூறு மீட்டர் பந்தயம். பாதிவரை அவள்தான் முதல், பிறகு படகு பாம்புபோல நெளியும், மூன்றாவதாக வருவாள். படகுதான் கோணல் என்று ஏரியில் எல்லாரும் முடிவுகட்டியிருந்தார்கள். இலோனா சுக்கான் கம்பியை இரண்டு முறை மாற்றிப் பார்த்தாள்.

மழை ஓய்ந்த சமயம் மரியபுஷ்பத்துக்குக் காய்ச்சல். மகளின் சாப்பாட்டுக் கேரியரை நான் கொண்டுபோனேன். வேறு யாராவது கொண்டுபோயிருக்கலாம்தான். இலோனா படகைக் கவிழ்த்துப் போட்டு, கையில் ஸ்பேனரோடு முறைத்துக்கொண்டிருந்தாள்.

"இத எதால திருப்புவாங்க?" என்று எனக்குத் தெரிந்த கான்வென்ட் இங்கிலீஷில் கேட்டேன்.

"காலால். பாதங்களுக்கு நடுவில் ஒரு கம்பி இருக்கும். லேசாகத் தொட்டால் போதும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அந்தக் காலாலயா? அது ஆடாம இருந்த நாள் ஒண்ணு காட்டுங்க." ஒரு நாற்காலியில் உட்கார்ந்து என் காலை ஆட்டிக் காட்டினேன்.

இலோனா திரும்பிப் பார்த்தாள். பெஞ்சில் ஆன்மேரி தின்றுகொண்டிருந்தாள். கேரியர் மூடி பெஞ்சில் தடதடத்துக்கொண்டிருந்தது. இலோனா ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டாள்.

அன்று மாலையே ஆன்மேரியை இரட்டையாள் படகுக்கு மாற்றினாள். மா சான் என்ற பர்மியப் பெண் முன்னால், இவள் பின்னால். வீடு வந்த ஆன்மேரி நேராக என் கதவைத் தட்டினாள்.

"உங்களுக்கு வேற வேலையே இல்லயா, ஆன்ட்டி?"

"நான் சொன்னது பொய்யா?"

"பொய்யின்னா பரவால்லயே."

இரட்டையாள் படகிலும் தோற்று அவள் இன்சீனில் போய் உட்கார்ந்தால் அது என் வாயால் என்று மரியபுஷ்பம் ஆயுசுக்கும் சொல்லுவாள். அந்த வாரம் முழுக்க என் பல்பு ஆடியது. எனக்கும் ஒரு வேலை ஓடவில்லை.

தேர்வு நாளன்று கேரியர் இல்லாமலேயே போனேன். ஒற்றையாள் பந்தயத்தில் ஒரு தடவை விடுங்கள் என்று ஆன்மேரி கெஞ்சி வாங்கியிருந்தாள். படகு பக்கத்துப் பாதைக்குள் நுழைந்து திரும்பியது. நான்காவது. கரையில் துடுப்பை மடியில் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

இலோனா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். நானும் அதே பெஞ்சில்தான் இருந்தேன், வேறு பெஞ்ச் கிடையாது. பையிலிருந்து ஒரு பழைய படத்தை எடுத்தாள். படகில் ஒரு பெண் பல் தெரியச் சிரிக்கிறாள். அவள் தலைக்குப் பின்னால் யாருடையதோ பாதி நெற்றி.

"இந்த நெற்றி நான்" என்றாள் இலோனா. "பதினொரு வருஷம். நாலு தங்கமும் இங்கே பின்னால் உட்கார்ந்து வாங்கியதுதான். தனிப்படகில் நான் எப்போதும் ஏழாவது. பின்னால் உட்காருகிறவளுக்குச் சுக்கான் வேலை கிடையாது. காலுக்கு ஒரு பலகை, அவ்வளவுதான். ஒவ்வொரு துடுப்புக்கும் அதை உதைக்க வேண்டும். எவ்வளவு உதைத்தாலும் படகு கோணாது."

"பின்னால உக்காந்தா போட்டோவுல நான்னு யாருக்கும் தெரியாதே, சயாமா."

"தெரியாது."

ஏதாவது ஆறுதல் சொல்வாள் என்று காத்திருந்தேன். இலோனா படத்தைப் பையில் வைத்தாள். ஆன்மேரியின் கால் ஆடிக்கொண்டே இருந்தது. அவளே அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், பிறகு எழுந்து போய் மா சானுக்குப் பின்னால் ஏறிக்கொண்டாள்.

பாதித் தூரத்தில் மற்றப் படகுகளோடு ஒட்டித்தான் வந்தார்கள். அதற்கப்புறம் அந்தப் படகு நெளியவில்லை, பாய்ந்தது. அரைப் படகு இடைவெளியில் முதல். கரையேறிய மா சான், "முதுகுக்குப் பின்னாடி பஸ் வந்த மாதிரி இருந்திச்சு" என்று பர்மியத்தில் சொல்லி முதுகைத் தடவிக்கொண்டாள்.

வெளிநாட்டில் வெண்கலம் வாங்கினார்கள். பத்திரிகையில் படம் வந்தது. மா சானின் முகம் நன்றாக விழுந்திருந்தது, பின்னால் ஒரு காது. மரியபுஷ்பம் அதைக் கீழே கொண்டுவந்து, "இது எம்பொண்ணுதானே, சொர்ணம்?" என்று கேட்டாள். கம்மலை வைத்து நான் உறுதி சொன்னேன். தெரு முழுக்கவும் சொன்னேன்.

ஆன்மேரி ஊர் திரும்பிய வாரம், இன்சீன் வீட்டுக் கல்யாணத் தரகர் வந்தார். மாடி ஏறாமல் முதலில் என்னிடம் வந்து பத்திரிகையை விரித்து, முன்னால் இருக்கிற பெண் யார், கல்யாணம் ஆகிவிட்டதா என்று விசாரித்தார். அவர் தெருமுனை தாண்டுமுன் நான் மாடியில் இருந்தேன்.

ஆன்மேரி சிரித்த சிரிப்பில் கீழே என் பல்பு என்ன பாடுபட்டதோ.

"இத மட்டும் மா சான்கிட்ட சொல்லிராதீங்க, ஆன்ட்டி" என்றாள். "அவ கால் ஆட ஆரம்பிச்சிரும்."