ஏகநாதனின் கும்பிடு

ராஜகீழ்ப்பாக்கம் பெயின்ட் கடை ஏகநாதன் சட்டமன்றத் தேர்தலுக்கு வேட்புமனு கொடுத்துவிட்டு வெளியே வந்து, வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்து மதியம் இரண்டு நாற்பதுக்குக் கும்பிட்ட கை அதற்குப் பிறகு பிரியவில்லை. கூட்டம் என்பது ஒரு மரியாதைக்குத்தான். பதினோரு பேர், அதில் நாலு பேர் பட்டா மாறுதலுக்கு வந்தவர்கள். இருபத்தேழு வருஷம் கொடி கட்டிய கட்சி, சீட்டைப் படப்பைப் பக்கத்து லோகநாதனுக்குக் கொடுத்துவிட்ட கோபத்தில் அவர் சுயேச்சையாக இறங்கியிருந்தார். எலும்பு டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, இரண்டு கையும் பிரமாதமாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார். தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய், கடையிலிருந்த தின்னர், எதற்கும் அசையவில்லை. மனைவி ஜெயஸ்ரீ டீயை ஆற்றி, ஸ்ட்ரா போட்டு நீட்டினாள். "பிரசாரத்துக்கு வசதிதான். கல்யாணத்துக்கு என்ன பண்ணுவீங்க?" வைகாசியில் மகள் ஓவியாவுக்குக் கல்யாணம். அவள் கையைப் பிடித்து மாப்பிள்ளையிடம் கொடுக்க வேண்டிய கைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நின்றன.

சின்னம் இஸ்திரிப் பெட்டி. வீடு வீடாகப் போனார். நம் பக்கத்து ஜனங்கள் யார் வந்து கேட்டாலும் மனம் நோகச் செய்ய மாட்டார்கள். "உங்களுக்குத்தான்ணா, எங்க வூட்ல அஞ்சு ஓட்டு" என்று காலையில் ஒருவருக்கும், அதே ஐந்தை மாலையில் இன்னொருவருக்கும் கொடுப்பார்கள். ஏகநாதனும் அப்படிக் கொடுத்துப் பழகியவர்தான். எட்டு நாளில் பதினாலாயிரம் பேர் சரி என்றார்கள். ஒவ்வொரு சரிக்கும் கை இன்னும் கொஞ்சம் இறுகியது. மூக்கு அரித்தால் கதவு நிலையில் தேய்த்துக்கொண்டார். உட்கார்ந்தால் எழுந்தார், எழுந்தால் நடந்தார், நடந்தால் எதிரில் வந்தவர்களெல்லாம் பதிலுக்குக் கும்பிட்டார்கள்.

ஒன்பதாம் நாள், கடைக்குப் பின்தெருவில், டெலிபோன் ஆபீசில் ரிட்டயர் ஆன மெட்டில்டா அவரை உட்காரக்கூடச் சொல்லவில்லை. "உங்களுக்குப் போடமாட்டேன் சார். போன மழைக்கு முன்னாடி கடை வாசல்ல மண்ணடிச்சு ரெண்டடி ஏத்துனீங்க. தண்ணி மொத்தமும் எங்க ஹாலுக்கு வந்துச்சு. என் ஃப்ரிட்ஜ் மிதந்துச்சு சார்." டப்பென்று சுண்டுவிரல்கள் இரண்டும் பிரிந்தன. ஏகநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது. "இன்னொரு தரம் சொல்லுங்கக்கா" என்று கெஞ்சினார். மெட்டில்டா மறுபடியும் சொன்னார். ஆனால் ஒருவருக்கு ஒரு ஜோடி விரல்தான் கணக்கு.

அன்றிலிருந்து அவர் பிரசாரம் திசை மாறியது. எனக்கு ஓட்டுப் போடாதவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள் என்று பீர்க்கன்கரணை வரைக்கும் அலைந்தார். "சேச்சே, அப்படிச் சொல்வோமாண்ணா" என்று விரட்டாத குறையாக வழியனுப்பினார்கள். ஏரிக்கரை ஆட்டோக்காரன் குமரேசன் மட்டும், "இன்னாண்ணா உன்னோட பேஜாரா கீது? எங்க ஸ்டாண்டைத் தூக்குனதே நீதான், உன் மூஞ்சிக்கு ஓட்டு வேறயா?" என்றான். மோதிர விரல்கள் பிரிந்தன. நடுவிரல்களை விடுவித்தவர் பிரசார வேனில் அவருக்காகத் தொண்டை கிழியக் கத்திய ஜெபசீலன். தன் ஓட்டு வேறு இடத்துக்கு என்று மைக்கை அணைத்துவிட்டுக் காதில் சொன்னார்.

வாக்குச்சாவடியில் இடது ஆள்காட்டி விரலில் வைத்த மை, ஒட்டியிருந்த வலது விரலிலும் இறங்கியது. ஏஜென்ட் ஒருவர் ஆட்சேபித்தார், பிறகு விட்டுவிட்டார். எண்ணியபோது இஸ்திரிப் பெட்டிக்கு இருநூற்றுப் பன்னிரண்டு. லோகநாதன் ஜெயித்தார்.

கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கையில், உப்புமா ஊட்டிக்கொண்டே ஜெயஸ்ரீ சொன்னாள்: "நானும் உங்களுக்குப் போடலை. ஜெயிச்சா வீட்டுப் பக்கமே வரமாட்டீங்கன்னு பயமா இருந்துச்சு." ஆள்காட்டி விரல்கள் பிரிந்தன. கட்டைவிரல்கள் மட்டும் மிச்சம். ஏகநாதன் எழுந்தார், கூடத்தை நாலு தரம் சுற்றினார், வந்து உட்கார்ந்தார். "நானே எனக்குப் போடலை ஜெயா. மிஷின் முன்னாடி நின்னேன். இருபத்தேழு வருஷப் பழக்கம், விரல் நேரா பழைய சின்னத்துக்குப் போயிடுச்சு." கட்டைவிரல்கள் பிரிந்தன. ஜெயஸ்ரீ விக்கல் வரும்வரை சிரித்தாள். பிறகு, தண்ணீரில் ஊறியதுபோல் வெளுத்துக் கிடந்த அந்தக் கைகளை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். மறுநாள் ஏகநாதன் கடை வாசல் மண்ணை ரெண்டடி வெட்டி எடுக்கச் சொன்னார். கல்யாணத்தில் ஓவியாவின் கையைப் பிடித்தவர், ஐயர் இரண்டு முறை சொன்ன பிறகுதான் விட்டார்.

ஆனியில் எம்.எல்.ஏ. லோகநாதன் திறந்த ஜீப்பில் நன்றி சொல்ல வந்தார். கும்பிட்ட கை கும்பிட்டபடி இருக்க, நெற்றி வேர்வையை உதவியாளர் துடைத்துவிட்டார். ஜெயஸ்ரீ ஒன்றும் கேட்காமல் உள்ளே போய் டீயை ஆற்றி, ஸ்ட்ரா போட்டு எடுத்து வந்தாள். தெரு முழுக்க, உங்களுக்குத்தான் போட்டோம் என்று சொல்லிக்கொண்டிருந்தது. ஏகநாதன் ஜீப்பை ஒட்டிப் போய், "தலைவரே, நான் நெசமாவே உங்களுக்குத்தான் போட்டேன்" என்றார். டப்பென்று சுண்டுவிரல்கள் பிரிந்தன.

"இன்னும் நாலு இருக்கு சார்" என்றாள் ஜெயஸ்ரீ. "பின்தெருவுல மெட்டில்டா அக்கா இந்நேரம் வீட்லதான் இருப்பாங்க."