கேட்டு வாங்க முடியாதது

என் மனைவி எதிர்பார்த்தது ஒரே ஒரு வார்த்தை. அதை நானாகச் சொல்ல வேண்டும், யாரும் எனக்குச் சொல்லித் தரக் கூடாது. இதில் என்ன கஷ்டம் என்று நீங்கள் கேட்கலாம். மாட்டிக்கொண்டு முழித்தவனுக்குத்தான் தெரியும்.

எங்களுடையது நாடகக் குழு. நான் நடிகன். வசனம் மறப்பதில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை, குழுவில் எனக்கு மறதி மன்னன் என்றே பெயர். அவளுக்கு வேலை மேடையின் பக்கத் திரைக்குப் பின்னால். முக்காலியில் உட்கார்ந்துகொண்டு, நாங்கள் திணறும்போது அடுத்த வரியை மெல்ல எடுத்துக் கொடுப்பாள். மேடையில் நான் இன்னொருத்தியிடம் உருகி உருகிப் பேசிய காதல் வசனம்கூட இவள் எடுத்துக் கொடுத்ததுதான். அதனாலோ என்னவோ, வீட்டில் நான் வார்த்தைக்குத் தடுமாறினால் வாயே திறக்க மாட்டாள். "இங்கயுமா?" என்பாள்.

வேறு ஊர் வானொலி நிலையத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. நான் குழுவை விட்டுப் போக முடியாது. சாப்பிடும்போது சொன்னாள். "ம், நல்ல வேலைதான்" என்றேன். அவள் தட்டைக் கழுவ எழுந்து போய்விட்டாள்.

சத்தியமாகச் சொல்கிறேன், போகாதே என்று சொல்லத்தான் இருந்தேன். நடந்துகொண்டிருந்த நாடகம் ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. அந்த வசனமெல்லாம் மண்டையை விட்டு இறங்கியதும், திங்கள் காலை நிதானமாகச் சொல்லலாம் என்று வைத்திருந்தேன்.

ஞாயிறு சாயங்காலம் என் அக்கா உடை அறையில் என்னைப் பிடித்துக்கொண்டாள். குழுவுக்கு உடை தைப்பவள் அவள்தான்.

"டேய், உன் பெண்டாட்டி என்ன சொன்னா தெரியுமா? அவரா போகாதேன்னு ஒரு வார்த்தை சொன்னா போக மாட்டேன்னா. அவர்கிட்ட இதைச் சொல்லிடாதீங்க அண்ணின்னும் சொன்னா."

"அப்புறம் ஏன்க்கா என்கிட்ட சொல்ற?"

"சொல்லலேன்னா நீயா சொல்லப் போற?"

"நாளைக்குச் சொல்றதா இருந்தேன்."

"ஆமா, சொல்லிக் கிழிச்ச."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. நல்லது செய்கிறேன் என்று மூக்கை நுழைத்துக் காரியத்தைக் கெடுத்துவிட்டாள் பாவி. இனி நான் சொன்னால் அது அக்கா சொல்லித் தந்தது. சொல்லாவிட்டால் அவள் போய்விடுவாள்.

இருந்தாலும் மறுநாள் காலை சொன்னேன். "போகாதே."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அண்ணி சொன்னாங்களா?"

எனக்குப் பொய் வராது. "ஆமா. ஆனா இன்னைக்கு நானே சொல்றதாத்தான் இருந்தேன்."

"இருக்கலாம்" என்றாள். "அதை நான் எப்படிங்க நம்புறது?"

காதில் விழுந்ததை விழாமல் ஆக்க யாரால் முடியும்? அவள் கிளம்பிய அன்று பெட்டியை நானே ரயில் நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன், வேறென்ன செய்ய.

ரயிலில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றேன். கொஞ்ச நேரம் ஊர்க்கதை பேசினோம். வண்டி கிளம்பும் நேரத்தில் திடீரென்று சொன்னாள்:

"யார் சொல்லிக் குடுத்திருந்தா என்ன, போகட்டும். இன்னொரு தடவை சொல்லுங்க, இறங்கிடுறேன்."

வார்த்தை நுனி நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. அங்கே நின்று என் புத்தி கணக்குப் போட்டது. இப்போது சொன்னால் அவளே எடுத்துக் கொடுத்ததாகிவிடும். நாளைக்கு ஒரு சண்டை வந்தால் அதையே சொல்லிக் காட்ட மாட்டாளா? அவள் பிடித்த பிடியை அவள் விட்டுவிட்டாள், நான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

"இப்ப சொன்னா நீ கேட்டு வாங்குனதா ஆயிடுமே" என்றேன்.

அவள் ஒரு கணம் என்னையே பார்த்தாள். "ஆமா, சரிதான்" என்றாள். கோபம்கூட இல்லை. கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வண்டி நகர்ந்தது.

இப்போது அந்த வார்த்தை எனக்குத் தானாகவே வருகிறது. பல் தேய்க்கும்போது வருகிறது, சட்டை மாட்டும்போது வருகிறது. போகாதே, போகாதே என்று வாய்விட்டே சொல்கிறேன். கேட்கத்தான் வீட்டில் ஆளில்லை.