போதிய புவித்தொடர்பு குறித்து ஒரு விளக்கக் கடிதம்

1

இந்தக் கதை முதலில் ஒரு விளக்கக் கடிதமாக இருந்தது. மின்சார அலுவலகத்துக்குப் போக வேண்டியது, ஒரு பக்கத்துக்கு மிகாமல், பதினான்கு நாட்களுக்குள். எழுதச் சொன்னவள் என் தங்கை.

"நீதான் எழுதுறவளாச்சே. மரியாதையா, அதே சமயம் அவங்க வாயைத் திறக்க முடியாத மாதிரி எழுதிக் குடு."

பதின்மூன்று நாட்கள் உட்கார்ந்தேன். கடிதம் வரவில்லை, கதை வந்தது. ஏன் என்று சொல்வதுதான் இதன் வேலை. அந்தக் காரணம் எனக்குப் பெருமை சேர்க்கும் வகையில் இல்லை என்பதால், கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வருவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: "மண்ணுக்கும் மின்சாரத்துக்கும் இடையே ஆதிகாலம் தொட்டே ஒரு —"

தங்கை எட்டிப் பார்த்தாள். "ஆதிகாலத்துல ஏது கரண்ட்டு?" அடித்துவிட்டேன்.

இரண்டாவது: "வெயிலில் காய்ந்த மனையில் ஒரு செம்புக் கம்பி தனியாக நின்றது."

"செம்பு இல்ல, செம்பு பூசின இரும்பு. அது நிக்கவும் கூடாது. மொத்தமும் மண்ணுக்குள்ள போயிருக்கணும். போகல. அதுதானே பிரச்சினையே?"

என் வாழ்நாளில் இவ்வளவு கறாரான வாசகி எனக்கு வாய்த்ததில்லை.

2

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு அறை கொண்ட ஒரு வீடு கட்டுகிறோம். கட்டி முடியும்வரை கலவை இயந்திரத்துக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் தற்காலிக மின்சாரம் வேண்டும். அதற்கு மீட்டர் மாட்ட வேண்டும். மாட்டுவதற்கு முன் மனையில் நமக்கென்று ஓர் எர்த் கம்பி, அலுவலக மொழியில் புவித்தொடர்பு, இறங்கியிருக்க வேண்டும். கலவை இயந்திரத்தின் உள்ளே ஒரு ஒயர் உரிந்தால் மின்சாரம் அதன் இரும்பு உடம்பில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அது மண்ணுக்குப் போக வழி தேடும். நாம் வழி கொடுக்காவிட்டால் இயந்திரத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கும் கொத்தனார் வழியாகப் போகும்.

(கொத்தனார் இதைக் கேட்டபோது, "நான் எதுக்குங்க நடுவுல?" என்றார். கதையில் அவருக்கு இருக்கும் மிகச் சிறந்த வசனம் இதுதான் என்று அப்போது நினைத்தேன்.)

தங்கை எலெக்ட்ரீஷியன். உரிமம் வாங்கிப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் ஸ்விட்ச் போர்டைப் பார்ப்பாள், பிறகுதான் ஆட்களை. என்னைவிட நான்கு வயது சின்னவள். ஆனால் அதட்டுவது அவள்.

எதிர்த்தரப்பு, மீட்டர் மாட்டுபவர். எங்கள் வட்டாரத்தில் அவருக்குப் பெயர் ஓம். எர்த் கம்பியில் மின்சாரத்துக்கு மண் காட்டும் தடையை அளந்து இத்தனை ஓம் என்று சொல்வதால் வந்த பெயர்; எண் குறையக் குறைய நல்லது. சிலர் பேச்சில் ஓம் என்றால் ஆமாம் என்று பொருள். இவர் பேச்சில் அதற்குப் பொருள் முடியாது.

இவரை முதல் வரைவில் வில்லனாக வைத்திருந்தேன். பெரிய மீசை கொடுத்தேன். கையை நீட்ட வைத்தேன். சரிப்படவில்லை. உண்மையில் அவர் நாங்கள் கொடுத்த டீயைக்கூடத் தொடவில்லை, சொந்தமாகப் பாட்டிலில் வெந்நீர் கொண்டுவந்தார். குடையை மடக்கி, குனிந்து, அளந்து, தலையை ஆட்டிவிட்டுப் போனார். வில்லனாக்குவதற்குக் கொஞ்சமாவது ஒத்துழைப்பு வேண்டாமா?

3

முதல்முறை அவர் வந்தபோது நடந்த பேச்சு. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

"நூத்திநாற்பது காட்டுது. பத்தாது" என்றார் ஓம்.

"கீழ பாறை. கம்பி பாதிக்கு மேல இறங்க மாட்டேங்குது" என்றாள் தங்கை. "ஆனா ட்ரிப் ஸ்விட்ச் போட்டிருக்கேன். துளி கசிஞ்சாலும் அணைஞ்சிடும். அதோட சேத்துப் பாத்தா இது தாராளமாப் போதும்."

"நூறுக்குக் கீழ இருக்கணும்."

"எங்க எழுதியிருக்கு?"

ஓம் பையிலிருந்து விதித்தாளை எடுத்து நீட்டினார். அவள் உரக்கப் படித்தாள்: "தற்காலிக இணைப்புக்குப் போதிய புவித்தொடர்பு இருத்தல் வேண்டும். போதியன்னுதானே இருக்கு, நூறு எங்க இருக்கு?"

"வாய்மொழியா சொல்லியிருக்காங்க."

"யாரு?"

"மேல."

தங்கை ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள். ஓமும் பார்த்தார். வெயில்தான் இருந்தது.

(நான் பெயரடைகளை அள்ளித் தெளிப்பவள் என்று விமர்சகர்கள் சொல்வதுண்டு. ஒரு பெயரடையால் ஒரு வீடு நின்றுபோகும் என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். "போதிய" என்று எழுதிய அந்த அதிகாரி என் இனம்.)

மீட்டரை மாட்டாமல் ஓம் போய்விட்டார். பத்து நாள் கழித்து வருவதாகச் சீட்டு எழுதிக் கொடுத்தார். கொத்தனார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அடுத்த தடவையும் இவர் மாட்டலேன்னா நான் வேற வேலைக்குப் போயிடுவேங்க. அப்புறம் மழை முடிஞ்சுதான் வர முடியும்." இருக்கும் வாடகை வீட்டை மழைக்கு முன் காலி செய்வதாக நாங்கள் வாக்குக் கொடுத்திருந்தோம்.

4

இரண்டாம் முறை. தங்கை கம்பியைப் பிடுங்கி, மனையின் கிழக்கு மூலையில் மண் கொஞ்சம் இளகலாக இருந்த இடத்தில் அடித்தாள். ஓம் வரவேண்டிய நாளன்று காலை ஒன்பது மணிக்கு அளந்தாள். அறுபத்திரண்டு. அவள் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். அலுவலகத்துக்கான படிவத்தில் 62 என்று எழுதி, உரிம எண்ணைப் போட்டுக் கையெழுத்திட்டாள்.

(இந்தப் பத்தியில் ஒரு வாக்கியம் விட்டுப்போயிருக்கிறது. தெரிந்துதான் விட்டேன்.)

பத்து மணிக்கு வருவதாகச் சொன்ன ஓம் மூன்று மணிக்கு வந்தார். அளந்தார். மறுபடி அளந்தார். தங்கையின் கருவியைக் கேட்டு வாங்கி அதிலும் அளந்தார். நூற்றுப்பதினெட்டு. குனிந்து கம்பியடி மண்ணை விரலால் ஒதுக்கிப் பார்த்தார். படிவத்தின் அடியில், "எழுதிய அளவும் கண்ட அளவும் பொருந்தவில்லை" என்று எழுதிவிட்டுக் குடையை விரித்தார்.

ஒரு வாரத்தில் நோட்டீஸ் வந்தது. பொய்யான அளவு எழுதியதாகத் தெரிகிறது, உரிமத்தை ஏன் நிறுத்திவைக்கக் கூடாது, பதினான்கு நாட்களுக்குள் விளக்கம் தருக.

5

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்து ஓர் அழுகைக் காட்சி எழுதி வைத்திருந்தேன். அவள் அழவில்லை. கருவியைச் சோதனைக்கு அனுப்பினாள். பழுதில்லை என்று திரும்பி வந்தது.

"கருவி சரியா இருக்குக்கா" என்றாள், சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டு. "அப்போ கைதான் சரியில்ல."

அடுத்த நாளிலிருந்து, தான் எர்த் போட்ட வீடுகளுக்கெல்லாம் ஒவ்வொன்றாகப் போக ஆரம்பித்தாள். கதவைத் தட்டி, "சும்மா ஒரு தடவை பாத்துட்டுப் போறேன்" என்று சொல்லி அளந்தாள். எல்லாம் சரியாக இருந்தன. ஒவ்வொரு வீடும் சரியாக இருக்க இருக்க அவள் இன்னும் பயந்தாள். அடுத்த வீடு சரியாக இருக்காது என்று. பதினோரு வீடுகள்.

நான் வீட்டில் உட்கார்ந்து அவளுக்காகக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். "மாண்புமிகு அதிகாரி அவர்களுக்கு, இயற்கையின் விசித்திரப் போக்கினால் —" "மண்ணின் ஈரப்பதமானது நாழிகைக்கு நாழிகை —" "மனிதக் கரங்களுக்கு அப்பாற்பட்ட —"

கடைசியாக எழுதியதைப் பார்த்ததும் பேனா நின்றுவிட்டது. மனிதக் கரங்களுக்கு அப்பாற்பட்டதா?

6

விட்டுப்போன வாக்கியம்: அன்று காலை ஆறரை மணிக்கு, அவள் வருவதற்கு முன், அந்தக் கம்பியைச் சுற்றி ஆறு குடம் தண்ணீர் ஊற்றியது நான்.

ஈர மண்ணில் அளவு குறையும் என்று அவளே எப்போதோ சொல்லியிருக்கிறாள். உப்பு கலந்தால் இன்னும் குறையும் என்றும். கலந்தேன். ஊற்றி முடித்ததும் ஈரம் தெரியாமலிருக்கக் காய்ந்த மண்ணை அள்ளி மேலே பரப்பித் தட்டிவிட்டேன். நல்ல எழுத்தாளர் சேர்த்ததை மறைக்கத் தெரிந்தவர் என்று கூட்டங்களில் பேசியிருக்கிறேன்.

ஓம் பத்து மணிக்கே வந்திருந்தால் அறுபத்திரண்டு அறுபத்திரண்டாகவே இருந்திருக்கும். மூன்று மணிக்குள் சரளை மண் எல்லாவற்றையும் குடித்துவிட்டது. நான் அவரைத்தான் ஏமாற்ற நினைத்தேன். ஏமாந்தது அவர் இல்லை.

7

முதலில் தங்கையிடம்தான் போயிருக்க வேண்டும். தைரியம் வரவில்லை. ஓமைத் தேடிப் போனேன். அலுவலகப் படிக்கட்டில் உட்கார்ந்து வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தார். சொன்னேன்.

"தண்ணி ஊத்தியிருக்காங்கன்னு அன்னிக்கே தெரியும்மா" என்றார். "மேல் மண்ணைத் தள்ளினா உள்ள வெள்ளையா உப்பு. ஆனா ஊத்தினது அவங்கதான்னு நினைச்சேன். மனசு விட்டுப்போச்சு. இந்தப் பக்கத்துல ஒழுங்கா எர்த் போடுறது அந்தப் பொண்ணு ஒருத்திதான்."

"இப்ப நான் என்ன செய்யணும்?"

"எழுதிக் குடுங்க. நீங்க எழுதுறவங்களாமே."

வீட்டுக்கு வந்து எழுதினேன். நான்கே வாக்கியம், பெயரடை எதுவும் இல்லாமல்: "அளவெடுப்பதற்கு முன் கம்பியைச் சுற்றி உப்புத் தண்ணீர் ஊற்றியவள் நான். மேலே மண்ணைப் பரப்பியவளும் நான். என் தங்கைக்கு இது தெரியாது. அவர் எழுதியது அவர் கண்ட அளவு." பதின்மூன்று நாள் வராதது எட்டு நிமிடத்தில் வந்தது.

8

தங்கை அதைப் படித்ததும் என்ன நடந்தது என்பதற்கு மூன்று முடிவுகள் யோசித்தேன். ஒன்றில் அவள் சிரித்துவிடுகிறாள். ஒன்றில் கடிதத்தைக் கிழித்து என்னைக் காப்பாற்றுகிறாள். இன்னொன்றில் நாங்கள் கட்டிப்பிடித்துக்கொள்கிறோம், பின்னணியில் கலவை இயந்திரம் ஓட ஆரம்பிக்கிறது. மூன்றையும் தூக்கிப் போட்டேன். நடந்தது வேறு.

அவள் இருமுறை படித்தாள். "உப்பு எவ்வளவு?"

"ரெண்டு கைப்பிடி."

"கம்பி அரிச்சுப்போகும். பிடுங்கணும்." கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். வாசலில் செருப்பை மாட்டும்போது, என்னைப் பார்க்காமல், "பதினோரு வீடு ஏறி இறங்கினேன்" என்றாள். அவ்வளவுதான்.

அலுவலகம் நோட்டீஸைத் திரும்பப் பெற்றது. எனக்கு ஒரு எச்சரிக்கை அனுப்பியது. ஓம் ஒரு விடுமுறை நாளில் வந்தார். அவரும் தங்கையும் புதிதாக இரண்டு கம்பிகளைத் தள்ளித் தள்ளி அடித்து, ஒயரால் சேர்த்துக் கட்டினார்கள். அது பத்தடி தள்ளியா பன்னிரண்டடி தள்ளியா என்று அரைமணி நேரம் சண்டை போட்டார்கள். இருவருக்கும் அவ்வளவு சந்தோஷம். தண்ணீர் இல்லாமல், நடு மத்தியானத்தில், எழுபத்தொன்று. மீட்டர் ஏறியது. போய்விடுவேன் என்று மிரட்டிய கொத்தனாரும் அதுவரை போகாமல் காத்திருந்தார்.

தங்கை மட்டும் என்னோடு பேசவில்லை.

9

சுவர் எழும்பிவிட்டது. இன்று அவள் உள்ளே ஒயர் இழுக்க வந்திருக்கிறாள். நான் சிமெண்ட் மூட்டை மேல் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எங்களுக்கு நடுவே கதவு மாட்டாத ஒரு வாசல் நிலை, அதில் கொத்தனார்.

"அந்த அம்மாவுக்கு ஸ்விட்ச் எந்தப் பக்கம் வேணும்னு கேளுங்க."

கொத்தனார் திரும்பி, "எந்தப் பக்கம்னு கேக்குறாங்க" என்றார்.

"வலது பக்கம்."

"வலது பக்கமாம்." அவர் இதை ரசிக்க ஆரம்பித்துவிட்டார் என்று தோன்றுகிறது. நானாக எதையும் சேர்க்கவில்லை.

இப்போது மணல் வண்டி வந்ததென்று அவர் தெருவுக்குப் போய்விட்டார். தங்கை ஏணியில் நிற்கிறாள். அந்த அறையிலிருந்து சுவர்க் குழாய்க்குள் ஒயரைத் தள்ளுகிறாள். இந்தப் பக்கம், என் தலைக்கு நேரே, குழாயின் வாயில் சிவப்பாக அதன் நுனி வந்து நின்றிருக்கிறது. தனி ஆளாக இதற்கு மேல் நகர்த்த முடியாது. இந்தப் பக்கமிருந்து ஒருவர் இழுக்க வேண்டும். வீட்டில் வேறு யாரும் இல்லை. அவளுக்கும் அது தெரிந்துவிட்டது, தள்ளுவதை நிறுத்திவிட்டாள்.

அவள் என்னைக் கூப்பிட்டாக வேண்டும். "ஏங்க" என்று கூப்பிட்டால் நான் இன்னும் சில மாதங்களுக்கு அந்நியம். "இந்தா" என்றால் சண்டை, ஆனால் சொந்தம். மற்றது, பேச்சு நிற்கும்வரை அவள் என்னைக் கூப்பிட்டது, எதுவென்று உங்களுக்கும் தெரியும். தொண்டையைச் செருமுகிறாள். எந்தச் சொல் வந்தாலும் இழுக்க எனக்கு இரண்டு கையும் வேண்டும். பேனாவை மூடுகிறேன். நீங்கள் காதைக் கொடுத்துக் கேட்டு, வந்த சொல்லை இதற்குக் கீழே எழுதிக்கொள்ளுங்கள்.